17 விடைத்தாள்களும் ஒரு கேமராவும்

வாசகர் கேள்வி:

ஈரோடு மாவட்டத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இது மூன்றாவது வருடம். எங்கள் பி.காம். பிள்ளைகளில் பாதிக்கு மேல் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள். அதனால் அகமதிப்பீட்டுத் தேர்வுகளை வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுத வைக்கிறோம். போன மாதம் காஸ்ட் அக்கவுண்டிங் தேர்வில் 60 பேரில் 17 பேர் ஒரே விடையை ஒரே தப்போடு எழுதியிருந்தார்கள். கேமரா வழியாகக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர் வாங்கலாம் என்கிறார் முதல்வர். துறையின் கருத்தை எழுதித் தரும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார். வாங்கச் சொல்லலாமா? அந்த 17 பேரை என்ன செய்வது? நான் போடுகிற மார்க்கை என்னாலேயே நம்ப முடியவில்லை. வினாத்தாளை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அம்மணி, உங்கள் கேள்விகளைவிட ‘என்னாலேயே நம்ப முடியவில்லை’ என்ற வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மார்க் போடுகிறவருக்கே அதன் மேல் நம்பிக்கை இல்லை என்றால் அந்த மார்க்கை வேறு யார் நம்புவார்கள்? கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் 14 வருடம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்தேன். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் கட்டுக்கட்டாக மதிப்பெண் பட்டியல்களில் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்து ஒரு சாட்சி. ‘இந்தப் பிள்ளைக்கு இந்த வேலை தெரியும், நாங்கள் பார்த்தோம்’ என்று முன்பின் தெரியாத ஒரு முதலாளிக்கும், ஒரு பேங்க் மேனேஜருக்கும், அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கும் நாம் சொல்கிற சாட்சி. வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் சிக்கலே இந்தப் ‘பார்த்தோம்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. எதை நாம் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று பிரித்துக்கொண்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முதல்வர் காத்திருக்கிறார் என்பதால் கேமராவை முதலில் பேசுவோம். அகமதிப்பீட்டுக்கு அந்த சாஃப்ட்வேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்.

2021-ல் நாங்கள் அப்படி ஒன்றை வைத்திருந்தோம். தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு மாணவர் பெயருக்கு எதிரிலும் சிவப்புப் புள்ளிகள் வந்து நிற்கும். முகம் திரையை விட்டு விலகியது, வேறொரு குரல் கேட்டது, கண் அடிக்கடி இடப்பக்கம் போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. திருப்பூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு எக்கச்சக்கமான புள்ளிகள். ஒலிப்பதிவிலும் ஏதோ ஓயாத சத்தம். நான் அவன் தேர்வை ரத்து செய்தேன். பத்து நாள் கழித்து அம்மாவோடு வந்தான். “சார், எங்கூட்ல ஒரே ரூம்தானுங்க. அம்மா பவர்டேபிள் தையல் மெஷின் ஓட்டீட்டு இருந்தாங்க. அன்னிக்கே பீஸ் முடிச்சுக் குடுக்கோணும்ங்க” என்றான். அவன் கண் இடப்பக்கம் போனது, அங்கே கட்டிலில் படுத்திருந்த தங்கச்சிக்குக் காய்ச்சல் என்பதால். மறுபடி எழுத வைத்தோம், நன்றாகவே எழுதினான். ஆனால் அந்தப் பத்து நாளும் ஊரில் அவன் ‘காப்பி அடித்து மாட்டியவன்’. அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் எந்த விதிமுறையும் இல்லை. அந்தத் தப்பு என்னுடையது. சந்தேகத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டேன்.

அதே தேர்வில் தனி அறையும் கதவும் உள்ள பிள்ளைக்கு ஒரு புள்ளிகூட விழாது. கேமராவின் பார்வைக்கு வெளியே இன்னொரு செல்போன் இருந்தாலும் விழாது. வீடு சிறியதா பெரியதா என்பதைத்தான் அந்தக் கருவி அதிகமாக அளந்தது. தாளவாடியிலும் பர்கூர் மலையிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் அறுந்துபோகாத வீடியோ என்பதே பெரிய வேண்டுதல். பெண் பிள்ளைகளின் படுக்கையறையை யாரோ ஒரு கம்பெனியின் சர்வரில் பதிவு செய்து வைப்பதைப் பெற்றோரிடம் எப்படிச் சொல்வீர்கள்? அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வேதியியல் தேர்வுக்கு முன் ஒரு மாணவரிடம் அறையைச் சுற்றிக் கேமராவைக் காட்டச் சொன்னார்கள். வழக்கு நடந்தது. அது நியாயமற்ற சோதனை, அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 2022 ஆகஸ்டில் நீதிபதி தீர்ப்பளித்தார். நம் நாட்டிலும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. தனிப்பட்ட டிஜிட்டல் தரவுகளுக்கு 2023-ல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. முதல்வருக்கான குறிப்பில் இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் போட்டு வாங்கிய பிறகு இதையெல்லாம் யோசிப்பதைவிட இப்போதே யோசிப்பது அவருக்கும் நல்லது.

‘ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேராவது வாங்கலாமே’ என்று அடுத்துக் கேட்பார்கள். சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. அதைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படி ஒரு கண்டுபிடிப்புக் கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அவர்களே தந்த கணக்குப்படி, இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியதாகச் சொன்னது. நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2023-ல் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ‘ஏஐ எழுதியது’ என்று அவை முத்திரை குத்தின. காரணம் எளிது. குறைந்த சொற்களை வைத்துக்கொண்டு, பழகிய வாக்கியங்களில் எழுதுகிறவரின் நடை இயந்திர நடை மாதிரி அவற்றுக்குத் தெரிகிறது. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு உங்களிடம் வந்து ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளையின் நடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைத்தான் கருவி முதலில் பிடிக்கும்.

சரி, திருத்துகிற நம் கண்ணையே நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2024-ல் வெளியானது. இல்லாத மாணவர்களின் பெயரில் முழுக்க ஏஐ எழுதிய விடைகளை, உளவியல் இளங்கலை வீட்டுத் தேர்வுகளுக்கு அனுப்பினார்கள். திருத்தியவர்களுக்கு இது தெரியாது. 94 சதவீத விடைத்தாள்களின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சராசரியில் உண்மையான மாணவர்களைவிட மார்க்கும் அதிகம். இதைப் படித்தபோது எனக்கு வருத்தத்தைவிடத் தெளிவுதான் வந்தது. ஆளைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து ‘இவருக்குத் தெரியும்’ என்று சாட்சி சொல்லும் காலம் போய்விட்டது.

இனி உங்கள் வினாத்தாளுக்கு வருகிறேன். வருத்தப்படாமல் கேளுங்கள், அந்த 17 பேரை உண்டாக்கியதில் உங்கள் மூன்றாம் கேள்விக்கும் பங்கு இருக்கிறது. நிலையான செலவு 1,80,000 ரூபாய், ஒரு பீஸ் விற்பனை விலை 110, மாறும் செலவு 80, சமநிலைப் புள்ளி என்ன, அதாவது லாபமும் நஷ்டமும் இல்லாமல் கட்டுவதற்கு எத்தனை பீஸ் விற்க வேண்டும்? ஒரே கணக்கு, ஒரே எண், 60 செல்போன். பீஸுக்கு மிஞ்சும் 30 ரூபாயால் 1,80,000-ஐ வகுத்தால் விடை 6,000 பீஸ். முதலில் முடித்த ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டால் போதும். அந்த முதல் ஆள் 110-ஐயே வகு எண்ணாக எடுத்துக்கொண்டதால் 17 பேரும் 1,636 பீஸ் என்று எழுதினார்கள். அந்த ஆள் சரியாகப் போட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதத் தோன்றியிருக்காது, பேர் மட்டும் இன்னும் கூடியிருக்கும்.

வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் அது எதைச் சோதிக்கிறது என்று காட்ட கே1 (நினைவுகூர்தல்), கே2 (புரிதல்) என்று போட்டிருக்கிறீர்கள். முதல் பக்கம் முழுக்க ‘வரையறு’, ‘பட்டியலிடு’. மேற்பார்வை உள்ள ஹாலில் அவற்றுக்கு ஒரு பயன் உண்டு. வீட்டிலிருந்து எழுதும்போது அவை தேர்வே இல்லை, தேடிப் பார்த்து எழுதும் பயிற்சி. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். அப்புறம், புத்தகம் திறந்திருந்தாலும் யோசித்தால்தான் வரும் கேள்வியைக் கேளுங்கள்.

மூன்றாம் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். நிலையான செலவோடு, பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை 300-ஆல் பெருக்கிக் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். 47-ம் எண்ணுக்கு 14,100 கூடி 1,94,100 ஆகும். சமநிலைப் புள்ளி 6,470. 12-ம் எண்ணுக்கு 6,120. 6,000-த்தோடு கடைசி இரண்டு இலக்கத்தைப் பத்தால் பெருக்கிக் கூட்டினால் விடை வந்துவிடும் என்பதால் திருத்தும் உங்களுக்கும் கஷ்டமில்லை. அடுத்த பகுதியில், வாங்குபவர் பீஸுக்கு 4 ரூபாய் குறைக்கச் சொல்கிறார், மாதம் 7,000 பீஸ்தான் எடுப்பார், ஆர்டரை ஏற்பாயா, ஏன் என்று கேளுங்கள். 47-ம் எண்ணுக்கு இப்போது 7,466 பீஸ் விற்றால்தான் கட்டும். ‘ஏன்’ என்பதற்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். உங்கள் கல்லூரியில் மூடுல் என்ற ஆன்லைன் பாட, தேர்வுத் தளம் இருக்கிறதா என்று பாருங்கள். எண்கள் ஆளுக்கு ஆள் மாறும் கேள்விகளை அதிலேயே வைக்கலாம். பத்துக் கேள்விகளில் ஒவ்வொன்றுக்கும் மூன்று வடிவம் எழுதி வைத்தால் 59,049 விதமான வினாத்தாள் வரும். அந்தக் கேள்வி வங்கியை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. துறையில் நான்கு பேர் ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்தால் முடியும்.

இது பக்கத்து நண்பனைப் பார்த்து எழுதுவதைத் தடுக்கும். ஏஐயைத் தடுக்காது. 47-ம் எண்ணுக்கான கணக்கையும் அது நொடியில் போட்டுவிடும். அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே மருந்து பழையது, நேரில் பேசுவது.

60 பேருக்கும் ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். ஒரு செமஸ்டரில் மூன்று அகமதிப்பீடு. ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் குலுக்கி 20 பேரை எடுங்கள். ஒரு தடவை வந்த பெயர் மறு தடவை வராமல் இருந்தால் செமஸ்டர் முடிவதற்குள் எல்லோரையும் பார்த்துவிடுவீர்கள். தடவைக்கு 100 நிமிடம்தான். தன் பெயர் எப்போது வரும் என்று தெரியாதபோது எல்லோரும் ஒழுங்காகத் தயாராவார்கள். ஆனால் இதை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். வீடியோ அழைப்பில் பேசினாலும் போதும், அதைப் பதிவு செய்ய வேண்டாம். பக்கத்தில் இன்னொரு ஆசிரியர் இருந்து தனியாக மார்க் போட்டால் நாளைக்கு யாரும் பாரபட்சம் என்று சொல்ல முடியாது.

என்ன கேட்பது? அவர்கள் எழுதியதையே கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். “ஷிப்ட் சம்பளம் வாங்கும் டெய்லரின் கூலியை எந்தச் செலவில் சேர்ப்பாய்? பீஸ் ரேட்டுக்குத் தைத்தால்?” “கரண்ட் பில்லை ஏன் முழுசாக மாறும் செலவில் போட்டாய்?” உங்கள் வகுப்பில் இருக்கும் பாதிப் பேர் பனியன் கம்பெனியிலும் விசைத்தறியிலும் மஞ்சள் மண்டியிலும் வேலை பார்ப்பவர்கள். மின்கட்டணத்தில் ஒரு பகுதி தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது என்று தறி வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகத்துக்கு முன்பே தெரியும். ஆங்கிலத்தில் திக்கித் திணறி எழுதிய பிள்ளை தமிழில் இதைச் சொல்லும்போது, அதற்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று ஒரு நிமிடத்தில் உங்களுக்குப் புரிந்துவிடும். பதிலைத் தமிழில் சொல்ல அனுமதியுங்கள். நீங்கள் சோதிப்பது காஸ்ட் அக்கவுண்டிங்கை.

மார்க்கை எப்படிப் பிரிப்பது என்பதில், ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் படிப்புகளான என்பிடெல்லின் வழி எனக்குப் பிடிக்கும். வாராவாரம் வீட்டிலிருந்து செய்யும் பயிற்சிகளுக்கு அங்கே 25, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் முதலாவதில் 10, இரண்டாவதில் 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். வாரப் பயிற்சிகளின் விடைகள் யூடியூபில் கிடக்கின்றன, அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருப்பதற்குக் காரணம், பார்க்காததற்குக் குறைவாகவும் பார்த்ததற்கு அதிகமாகவும் அவர்கள் எடை வைத்ததுதான். தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கான யுஜிசியின் 2020 விதிகளும் இதே போக்கில்தான் இருக்கின்றன: தொடர் மதிப்பீடு அதிகபட்சம் 30 சதவீதம், பருவத் தேர்வு குறைந்தது 70. உங்கள் கல்லூரியில் அகமதிப்பீட்டுக்கு 40 என்றால், அதில் 15-ஐ வீட்டில் எழுதுவதற்கும், 10-ஐ அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்கும், 15-ஐக் கல்லூரி லேப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் எழுதுவதற்கும் வைக்கலாம் என்று துறையில் பேசிப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்களால் செமஸ்டருக்கு ஒரு ஞாயிறு வர முடியும்.

தேர்வு முடிந்த பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலையை நம் கல்லூரிகளில் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. மொத்த மார்க்கில் மேலே வந்த 27 சதவீதம் பேரையும் கீழே வந்த 27 சதவீதம் பேரையும் எடுங்கள்; 60 பேரில் 16, 16. ஒரு கேள்வியை மேலே உள்ளவர்களில் 14 பேரும் கீழே உள்ளவர்களில் 6 பேரும் சரியாகச் செய்திருந்தால் வித்தியாசம் 8, அதை 16-ஆல் வகுத்தால் 0.5. தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டும் நல்ல கேள்வி. இரண்டு பக்கமும் 16 பேரும் சரியென்றால் அந்தக் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டவில்லை. ரொம்ப எளிது, அல்லது விடை வெளியே போய்விட்டது. கீழே உள்ளவர்கள் மேலே உள்ளவர்களைவிட அதிகமாகச் சரி செய்திருந்தால் உங்கள் விடைக்குறிப்பை முதலில் சரிபாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் தப்பு அங்கேதான் இருக்கும். விரிவான விடைகளுக்கு, திருத்தத் தொடங்கும் முன் பத்துத் தாள்களை நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிடுங்கள். ஒரே தாளுக்கு அவர் 5, நீங்கள் 9 என்றால் குழப்பம் மாணவரிடம் இல்லை. பார்த்து எழுதுவதைத் தடுக்க நாம் எடுக்கும் அக்கறையில் பாதியை இதற்குக் கொடுத்தாலே மார்க்கின் மேல் உங்களுக்கு நம்பிக்கை வரும்.

கரண்ட் போனால், நெட் அறுந்தால் என்ன என்பதைத் தேர்வுக்கு முன்பே ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். விடைத்தாளைப் போட்டோ எடுத்து எத்தனை நிமிடத்துக்குள் எந்த எண்ணுக்கு அனுப்புவது என்பது வரை இருக்கட்டும். மார்க் இல்லாத ஒத்திகைத் தேர்வு ஒன்று வையுங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஹாலில் இதை நினைவு வைத்திருப்பவர்கள் ஆன்லைனில் டைமரை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

அந்த 17 பேர். யார் எழுதியதை யார் பார்த்தார்கள் என்று துருவ வேண்டாம், உங்களால் நிரூபிக்க முடியாது. ஒரே சரியான விடை எதையும் காட்டாது. ஒரே தப்பான விடை, அவர்கள் தனியாக எழுதவில்லை என்ற சந்தேகத்தை மட்டும் தருகிறது, அதற்கு மேல் இல்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடாதீர்கள். அந்த ஒரு கேள்வியை மட்டும் 60 பேருக்கும் ரத்து செய்யுங்கள். கேள்வியில் குறை இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள், அது உண்மையும்கூட. எண்களை மாற்றி எல்லோருக்கும் மறுபடி கொடுங்கள். பிறகு 17 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தாளைக் காட்டி, “இதைப் பற்றிச் சொல்” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். சொன்னதை எழுதி வாங்கித் துறையில் வையுங்கள். அடுத்த முறையும் இப்படியே நடந்தால், அவர்கள் தரப்பைக் கேட்ட பிறகு ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பலாம்.

அந்த 17 பேரில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். நீங்கள் தேர்வு வைத்தது காலை ஒன்பது மணிக்கு என்று வினாத்தாளின் மேலேயே இருக்கிறது. இரவு முழுக்க மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்து பஸ்ஸிலோ பாயிலோ உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். மறுதேர்வை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வையுங்கள். புது வினாத்தாளை அதற்கு முன் எனக்கு ஒரு தடவை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.